பாக்ஸ்டருக்குப் பதில் எந்த வண்டி? பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். வீடு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, கையில் 2018 போர்ஷே 718 பாக்ஸ்டர் (இரண்டே சீட்), நான்கு வயதில் ஒரு பெண், எட்டு மாதத்தில் ஒரு பையன். மாதம் இரண்டு தடவையாவது அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு பழனிக்கோ குருவாயூருக்கோ போக வேண்டியிருக்கிறது. பாக்ஸ்டரைக் கொடுத்துவிட்டு, வரி உட்பட ஐம்பது லட்சத்துக்குள், வேகமும் குறையாமல் குடும்பமும் வசதியாகப் போகிற மாதிரி ஒரு வண்டி வேண்டும், பிஎம்டபிள்யூ எம்340ஐ எடுக்கலாமா, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் எடுக்கலாமா, இல்லை பிஒய்டி சீல் மாதிரி மின்சார வண்டிக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறார். நான் பக்கத்துப் பாலக்காட்டுச் சித்தூர்க்காரன், இதே முடிவை 2019-ல் மகள் பிறந்தபோது எடுத்தவன். இரண்டு சீட் வண்டியை விற்று ஒரு ஆக்டேவியா ஆர்எஸ் 230 வாங்கினேன், இன்றும் அதைத்தான் ஓட்டுகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தலை எண்ணிக்கை. நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா, ஆக மொத்தம் ஆறு பேர். நீங்கள் சொன்ன மூன்று வண்டியிலும் ஐந்து பேருக்குத்தான் இடம், அந்த ஐந்தும் காகிதத்தில்தான். பின்சீட்டில் இரண்டு பக்கமும் குழந்தை சீட் மாட்டிவிட்டால் நடுவில் மிஞ்சுகிற இடத்தில் ஒரு பெரியவர் பழனி வரைக்கும் உட்கார்ந்து வர முடியாது. எம்340ஐ நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகிற வண்டி, நடுவில் தரை மேடாக எழும்பி நிற்கும், காலை எங்கே வைப்பது என்று அம்மா கேட்பார்கள். ஆறு பேரும் அடிக்கடி ஒன்றாகப் போவது கட்டாயம் என்றால் இந்தப் பேச்சை இங்கேயே நிறுத்திவிட்டு எக்ஸ்யூவி700 பெட்ரோல் பாருங்கள், மூன்று வரிசை, 200 குதிரைசக்தி, அந்த விலைக்கு நல்ல இழுவை. ஆனால் உங்கள் கணக்கில் அது மாதம் இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளுக்கு ஒரு இன்னோவாவை டிரைவரோடு வாடகைக்கு எடுங்கள். மீதி இருபத்தெட்டு நாளும் நீங்கள் நான்கு பேர், அந்த நான்கு பேருக்கான வண்டியைப் பேசுவோம்.

இப்போது வேகம். பாக்ஸ்டரில் உங்களுக்குப் பிடித்தது எது என்று யோசித்துப் பாருங்கள். எடை 1,400 கிலோவுக்குள், இன்ஜின் முதுகுக்குப் பின்னால் நடுவில், இரண்டு லிட்டர் டர்போ, 300 குதிரைசக்தி, ஸ்டீயரிங்கைத் தொட்டவுடன் மூக்கு திரும்பும். அந்தத் திரும்புதல் நான்கு கதவு வண்டி எதிலும் கிடைக்காது, இதை முதலிலேயே மனதில் போட்டுக்கொண்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது. நான் வண்டி மாற்றியபோது முதல் ஆறு மாதம் ஒவ்வொரு வளைவிலும் பழைய வண்டியோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன், அதில் எனக்கும் நிம்மதி இல்லை, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் இல்லை.

குடும்பத்தோடு போகும்போது நாம் நிஜமாகவே பயன்படுத்துகிற வேகம் எங்கே இருக்கிறது? நம் பாலக்காடு பொள்ளாச்சி சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு வழிதான். முன்னால் வைக்கோல் லாரி ஐம்பதில் போகும், எதிரே டிப்பர் வரும், விடிகாலையில் சித்தூர்த் தோப்புகளிலிருந்து கள் ஏற்றிய வண்டிகள் மற்ற மாவட்டங்களுக்குப் பறந்துகொண்டிருக்கும். அங்கே பூஜ்ஜியத்திலிருந்து நூறுக்கு எத்தனை விநாடி என்பதால் ஒரு பயனும் இல்லை. ஐம்பதிலிருந்து தொண்ணூறுக்கு எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அமைதியாகப் போகிறது என்பதுதான் முக்கியம், ஏனென்றால் எதிர்த் தடத்தில் நாம் நிற்கிற நேரம் அதைப் பொறுத்துத்தான் குறையும். வாளையாறு பக்கம் நான்கு வழிச் சாலையில் ஏறினாலும் கேரளத்தில் கார்களுக்கு உச்ச வரம்பு 100 கிலோமீட்டர்தான் (2023 ஜூலையில் 90-லிருந்து உயர்த்தினார்கள்), அதே ஆண்டு ஜூனிலிருந்து கேமரா அபராதமும் நடைமுறையில் இருக்கிறது. ஆக 250 போகிற வண்டியும் 200 போகிற வண்டியும் உங்களுக்கு ஒன்றுதான். நடு வேகத்தில் உள்ள டார்க்கை, அதாவது இழுவிசையைப் பாருங்கள், பிரேக்கைப் பாருங்கள், பள்ளத்தில் வண்டி எப்படி இறங்கி ஏறுகிறது என்று பாருங்கள்.

டார்க் விஷயத்தில் எம்340ஐக்குப் பக்கத்தில் வர நாம் பேசுகிற பெட்ரோல் வண்டிகளில் ஆள் இல்லை. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜின், 500 நியூட்டன் மீட்டர், அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,900 சுற்று சுற்றுவதிலிருந்து 5,000 வரைக்கும் அப்படியே. முந்திச் செல்ல காலை அழுத்தினால் கியர் இரண்டு மூன்று கீழே குதித்து அலற வேண்டிய தேவையே இல்லை, அலையில் ஏறின மாதிரி போய்விடும். 2021 மார்ச்சில் வந்தபோது ஷோரூம் விலை 62.90 லட்சம், செங்கல்பட்டுப் பக்கத்து ஆலையிலேயே பாகங்களைக் கோத்துத் தயாரித்தார்கள். செகண்ட் ஹேண்டில் தேடினாலும் வரியோடு உங்கள் பட்ஜெட்டை முட்டும்.

ஆனால் நான் உங்களை முதலில் பார்க்கச் சொல்வது அதன் தம்பியை, நீளமான 330எல்ஐ. பிஎம்டபிள்யூவின் சாதாரண 3 சீரிஸில் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2,851 மில்லிமீட்டர், இதில் 2,961. அந்தக் கூடுதல் நீளத்தால் பின்சீட்டுக்காரர்களின் காலுக்கு இடம் கூடுகிறது. இரண்டு லிட்டர் டர்போ, 258 குதிரைசக்தி, 400 நியூட்டன் மீட்டர், நூறைத் தொட 6.2 விநாடி. பாக்ஸ்டரிலிருந்து வருகிறவருக்கு இந்த எண் சப்பென்று தெரியும், அது எனக்கும் புரிகிறது. ஆனால் எட்டு மாதப் பையனின் சீட்டை மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், வண்டி தேடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கவனிப்பதில்லை. கைக்குழந்தையின் சீட்டைப் பின்புறம் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். உடலோடு ஒப்பிட்டால் அந்த வயதில் தலை கனம், கழுத்து பலமில்லை, முன்னால் மோதல் நடந்தால் முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் தலை வீசப்படும், பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் முதுகும் தலையும் சேர்ந்து சீட்டில் அழுந்தும். ஐ-சைஸ் என்கிற ஐரோப்பிய விதி 15 மாதம் வரை பின்னோக்கி உட்காருவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, அதற்கு மேலும் எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் அப்படியே வைத்திருப்பது நல்லது. பின்னோக்கிய சீட் முன்பின்னாக நிறைய இடம் தின்னும். குட்டையான பின்சீட் உள்ள வண்டியில் அதை மாட்டினால் முன் சீட்டை டேஷ்போர்டு வரை தள்ள வேண்டிவரும், உங்கள் மனைவி முழங்கால் இடிக்க உட்கார்ந்து வருவார், காற்றுப்பைக்கு மிக அருகில் உட்காருவதும் ஆபத்து. 330எல்ஐ-யில் அந்தத் தொல்லை இல்லை. பாக்ஸ்டரிலேயே ஒரு சீட் வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன் சீட்டின் காற்றுப்பை அணைக்கப்படாமல் பின்னோக்கிய சீட் அங்கே இருந்தால் அந்தப் பையே குழந்தையைக் கொன்றுவிடும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. ஆயிரம் ரூபாய் பெரிய காசு இல்லை. ஆனால் மடியில் உட்கார வைத்தால் போதும் என்கிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை, அது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

ஆக்டேவியா ஆர்எஸ் என் சொந்த வண்டி, அதனால் அதன் பக்கம் சாய்வேன் என்று நினைப்பீர்கள். நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2017-ல் வந்த ஆர்எஸ் 230-க்கு 24.62 லட்சம்தான் விலை, 350 நியூட்டன் மீட்டர் 1,500 சுற்றிலேயே கிடைக்கும், டிக்கி 590 லிட்டர், அதுவும் பின் கண்ணாடியோடு சேர்ந்து திறக்கிற கதவு என்பதால் குழந்தைத் தள்ளுவண்டியை மடிக்காமலே நுழைத்துவிடலாம். 2020-ல் வந்த ஆர்எஸ் 245 இன்னும் தேர்ந்த வண்டி, இந்தியாவுக்கு மொத்தம் 200-தான் வந்தது, விலை 35.99 லட்சம். 2025-ல் வந்த புதிய ஆர்எஸ் நூறே நூறு, 49.99 லட்சம், வந்த வேகத்தில் முடிந்தது, வரி சேர்த்தால் உங்கள் வரம்பும் தாண்டியிருக்கும். கோல்ஃப் ஜிடிஐயும் 53 லட்சத்தில் தொடங்கியது, அதே கதைதான். ஆர்எஸ் வண்டிகளின் குறை சவாரி. சஸ்பென்ஷன் இறுக்கம், டயர் பக்கச்சுவர் குட்டை, பின்னால் தூங்குகிற குழந்தை ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் விழித்துக்கொள்ளும். என் மகளுக்கு இப்போது பழகிவிட்டது, ஆனால் முதல் இரண்டு வருடம் கொழிஞ்சாம்பாறை வழியைத் தவிர்த்து வேறு வழியாகச் சுற்றிப் போயிருக்கிறேன். உங்களுக்கு ஒன்றல்ல, இரண்டு பிள்ளைகள்.

சீல் பற்றி. எண்களைப் பார்த்தால் இதற்கு மிஞ்சி எதுவும் இல்லை. பெர்ஃபார்மன்ஸ் மாடலில் 530 குதிரைசக்தி, நூறைத் தொட 3.8 விநாடி, 82.56 கிலோவாட் மணி பேட்டரி. பாக்ஸ்டரை நேர்கோட்டில் தாராளமாக முந்தும். ஆனால் எடை இரண்டு டன்னுக்கு மேல், வால்பாறை மலையில் இரண்டாவது வளைவிலேயே அது தெரிந்துவிடும். பேட்டரி தரைக்கடியில் படுத்திருப்பதால் பின்சீட்டில் பெரியவர்களின் முழங்கால் கொஞ்சம் தூக்கி நிற்கும், தொடைக்குத் தாங்கல் குறையும், மூட்டு வலியுள்ள அம்மாவுக்கு அது சிரமம். மின்சார வண்டி எடுத்தால் ஒரு விஷயம் கண்டிப்பாகச் செய்யுங்கள்: காலை எடுத்தவுடன் மோட்டாரே பிரேக் போடுகிற அந்த அமைப்பைக் குறைந்த நிலையில் வையுங்கள். அழுத்துவதும் விடுவதுமாக ஓட்டினால் பின்னால் இருக்கிறவர்களுக்கு அரை மணியில் வாந்தி வரும். வீட்டில் சார்ஜர் போட்டுக்கொண்டு பெரும்பாலும் கோவை வரைக்கும்தான் போய் வருவேன் என்றால் சீல் மோசமான தேர்வு இல்லை. எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை.

ஆறு பேருக்கான எக்ஸ்யூவி700 தவிர உயரமான எஸ்யூவி எதையும் நான் சொல்லவில்லை என்று கவனித்திருப்பீர்கள். உயரம் கூடினால் வளைவில் உடல் சாயும், சாய்வைக் குறைக்க ஸ்பிரிங்கை இறுக்குவார்கள், இறுக்கினால் தலை இரண்டு பக்கமும் ஆடும். குழந்தைகளுக்கு வாந்தி வருவதற்கு அந்த ஆட்டமே காரணம், காது உணர்கிற அசைவும் கண் பார்க்கிறதும் ஒத்துப்போகாததால் வருவது, பின்னோக்கி உட்கார்ந்த குழந்தைக்கு வெளியே பார்க்க வழியும் குறைவு. அதனால் டெஸ்ட் டிரைவை ஷோரூம் தெருவில் முடித்துவிடாதீர்கள். ஒரு மணி நேரமாவது வண்டி வேண்டும் என்று பிடிவாதமாகக் கேளுங்கள், செகண்ட் ஹேண்ட் விற்கிறவர் வண்டியில் உண்மையாக நம்பிக்கை உள்ளவராக இருந்தால் தருவார். முடிந்தால் நெம்மாறை போய், போத்துண்டி அணை தாண்டி நெல்லியாம்பதி ஏற்றத்தில் கொஞ்சம் ஏறுங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அதில் ஒன்பதாவது வரைக்கும் போனாலே போதும், அங்கே நின்று அணையைப் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் வரையாடும் கண்ணில் படும். ஏறும்போது நீங்கள் ஓட்டுங்கள். இறங்கும்போது சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்சீட்டில், பெண் குழந்தைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அந்த இறக்கத்தில் உங்கள் வயிறு என்ன சொல்கிறதோ அதை எந்த யூடியூப் விமர்சனமும் சொல்லாது. நான் இப்படி இரண்டு வண்டிகளைக் கழித்துக்கட்டினேன், ஓட்டும்போது இரண்டுமே எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன.

நான்கு பேரும் சாமானும் ஏற்றிக்கொண்டு உங்கள் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களில் ஒரு தடவை ஏறி இறங்கவும் செய்யுங்கள். நீண்ட வண்டியின் வயிறு காலியாக இருக்கும்போது தட்டாது, நிறைந்திருக்கும்போது தட்டும். பங்க்சர் ஆனாலும் ஓடுகிற ரன்ஃபிளாட் டயர் போட்ட வண்டிகளில் சவாரி இன்னும் கடினமாக இருக்கும், அந்த டயரைச் சாதாரண டயராக மாற்றி டிக்கியில் ஸ்டெப்னி வைத்தால் மென்மை திரும்பும், ஆனால் டிக்கியில் இடம் போகும். இரண்டு தள்ளுவண்டி உள்ள வீட்டில் இதையும் அளந்து பார்க்க வேண்டும்.

வாங்கப்போவது செகண்ட் ஹேண்ட் என்பதால் இன்னும் சில விஷயம். கோவைப் பக்கம் வேக வண்டிகளுக்குக் கூடுதல் சக்திக்காக இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை (இன்ஜின் மேப்) மாற்றுவது சகஜம், ஸ்டேஜ் 1 என்பார்கள். பழையதை மறுபடி ஏற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள், வெறும் கண்ணால் தெரியாது, ஸ்கேனர் போடச் சொல்லி கம்ப்யூட்டர் எத்தனை தடவை எழுதப்பட்டது என்று பாருங்கள். போன வருடம் ஒரு நண்பருக்காக ஒரு வண்டி பார்க்கப் போனேன், மீட்டர் 21,000 காட்டியது, டயரில் இருந்த நான்கு இலக்க எண்ணைப் பார்த்தால் வண்டியை விட மூன்று வருடம் இளைய டயர்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம், அவ்வளவுதான் கணக்கு. இருபத்தோராயிரத்தில் நான்கு டயரும் ஏன் மாறின என்று கேட்டதற்கு விற்கிறவரிடம் பதில் இல்லை, நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். ஆர்எஸ் 230 பார்த்தால் கியர்பாக்ஸ் எண்ணெய் 60,000 கிலோமீட்டரில் மாற்றியிருக்கிறார்களா என்று சர்வீஸ் பில்லைக் கேளுங்கள். பெட்ரோல் மூடியில் இ20 (இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது அதுதான், பழைய வண்டிகள் பலவும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை.

எல்லையில் இருக்கிற நமக்கு வரிதான் பெரிய பொறி. கோவையில் டிஎன் பதிவு வண்டி நிறைய வரும், விலையும் படியும், தூரமும் கிட்டத்தில்தான். ஆனால் நீங்கள் குடியிருப்பது கேரளத்தில். சட்டத்தின் 47-வது பிரிவின்படி வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கேஎல் எண் வாங்கியே ஆக வேண்டும். அதற்குப் பழைய ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 28-ல் என்ஓசி, இங்கே மீதி ஆண்டுகளுக்கான சாலை வரி, அப்புறம் அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு அலைவது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புது பெட்ரோல் காருக்கு தமிழ்நாட்டில் வரி 20 சதவீதம், இங்கே அதை விடவும் அதிகம். விலை பேசுவதற்கு முன்னால் ஆர்சி நகலை எடுத்துக்கொண்டு சித்தூர் சப் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய் தோராயமாக எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள், அந்தத் தொகையைக் கழித்துவிட்டு மிச்சத்தில் பேரம் பேசுங்கள். அக்கா வீட்டு பொள்ளாச்சி விலாசத்தில் டிஎன் 41-லேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். வேண்டாம். 2017-ல் பாண்டிச்சேரி பதிவு விவகாரத்தில் இதே மாதிரி வரி மிச்சம் பிடிக்கப் போன பலர் வழக்கு வரைக்கும் போனார்கள். குடும்ப வண்டியை அப்படி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நெஞ்சு படபடக்கத் தேவையில்லை.

ஆக என் பதில்: முதலில் கேஎல் பதிவுள்ள 330எல்ஐ ஒன்று தேடுங்கள், ஐம்பதுக்குள் தாராளமாக வரும், மிச்சப் பணத்தில் நல்ல குழந்தை சீட் இரண்டும் புது டயர் நான்கும் வாங்கலாம். மலையில் ஓட்டிப் பார்த்து இது எனக்குப் போதாது என்று நிஜமாகவே தோன்றினால் மட்டும் எம்340ஐ, அப்போதும் சீட்டை மாட்டி மனைவியை முன்னால் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு. ஆர்எஸ் 245 கண்ணில் பட்டால் விட்டுவிடவும் சொல்ல மாட்டேன், ஆனால் பையனுக்கு மூன்று வயது தாண்டியிருந்தால் அதையே முதலில் சொல்லியிருப்பேன்.

கடைசியாக, பாக்ஸ்டரை எப்போது விற்பது என்று கேட்டிருந்தீர்கள். புது வண்டி முடிவாகாமல் விற்காதீர்கள், அவசரத்தில் கையில் கிடைத்ததை வாங்கிவிடுவீர்கள். ஜூன் மழை தொடங்குவதற்கு முன்னால் விற்றுவிடுங்கள், நம் பக்கம் மழை பிடித்துவிட்டால் துணிக் கூரை வண்டியைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள். விற்பதற்கு முந்தைய வாரம் கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் பொதுமக்கள் ஓட்டுகிற நாள் எப்போது என்று கேட்டுப் போய் வாருங்கள். இரண்டு கிலோமீட்டர் சொச்சம் சுற்று, கூரையை மடக்கிவிட்டு அரை நாள் ஓட்டலாம். பிரேக் பேடை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.